ஸ்டீமில் வாங்கிய கேம் யார் பேரில் இருக்கிறது?

இன்னைக்கு பிசி கேம் விற்கும் ஆன்லைன் கடைகளின் கதை. ஸ்டீம், எபிக், ஜிஓஜி எல்லாம் நமக்கு என்ன கொடுத்தன, பதிலுக்கு என்ன எடுத்துக்கொண்டன? நான் கள்ளக்குறிச்சிக்காரன், அதனால எங்க ஊர்க் கணக்கை வெச்சே பார்க்கலாம்.

சிடி காலம்

2003-இல் ஜிடிஏ வைஸ் சிட்டி பிசிக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 12-ஆம் தேதி அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் ஸ்டீமைத் தொடங்கியது. கவுண்டர்-ஸ்ட்ரைக் மாதிரி தன் கேம்களுக்கு அப்டேட் அனுப்பத்தான் ஆரம்பத்தில் அது. 2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வந்தபோது நிலைமை மாறியது. கடையில் சிடி வாங்கினவர்கூட ஸ்டீமில் அக்கவுண்ட் திறந்தால்தான் விளையாட முடியும்.

இதெல்லாம் எங்க ஊருக்குத் தெரியவே இல்லை. ஒரிஜினல் வேணும்னா பஸ் ஏறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகணும். உள்ளூரில் கிடைத்ததெல்லாம் காப்பி சிடி. பிரவுசிங் சென்டரில் நாங்க ஆடின கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6-உம் ஸ்டீம் இல்லாமல் ஓடும் திருட்டுப் பதிப்புதான். நேர்மையா வாங்க நினைச்சாலும் பக்கத்தில் கடை கிடையாது. ஆன்லைனில் விலை டாலரில் இருந்தது, வீட்டில் கிரெடிட் கார்டும் இல்லை.

என்ன கிடைத்தது?

ஸ்டீமில் 2015 நவம்பரில் ரூபாய் விலை வந்தது. அதே ஆண்டு ஜூனில் ரீஃபண்ட் வசதியும் வந்திருந்தது: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசு திரும்பக் கிடைக்கும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. 2018 டிசம்பரில் எபிக் கடை திறந்தது. 2020 மே மாதம், லாக்டவுன் நேரத்தில், அவர்கள் ஜிடிஏ 5-ஐ இலவசமாகக் கொடுத்தார்கள். உங்களில் பல பேர் அன்னைக்குத்தான் முதல் ஒரிஜினல் கேமை வெச்சிருப்பீங்க.

கேம் செய்கிறவர்களுக்கும் லாபம் உண்டு. 2017 முதல் 100 டாலர் கட்டினால் யார் வேண்டுமானாலும் ஸ்டீமில் கேம் வெளியிடலாம். டொராண்டோவின் விசை கேம்ஸ், கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து ‘வெண்பா’வைச் செய்தது. 2023 ஜூலையில் வந்து, அடுத்த ஆண்டு பாஃப்டா விருதும் வாங்கியது. இட்லி சுடும் கேமை எந்த ஊர் டிஸ்க் கடை அலமாரியில் வைத்திருக்கும்? ஆனால் பெரும்பாலான விற்பனையில் ஸ்டீம் 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 2018-இல் திறந்தபோது எபிக் 12 சதவீதம் கேட்டது.

தூரம் போச்சு, லைன் வந்துச்சு

2015-இல் பிசிக்கு வந்த ஜிடிஏ 5, கடையில் 7 டிவிடியாக விற்றது. 60 ஜிபிக்கு மேல். 2 எம்பிபிஎஸ் லைனில் அதை இறக்க, நிறுத்தாமல் ஓடினாலும் கிட்டத்தட்ட 3 நாள் ஆகும். மலை மேல, வெள்ளிமலை தாண்டிப் போனா, சிக்னலே பெரும்பாடு. டிவிடியை மஞ்சப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோயிடலாம். டவுன்லோடை அப்படிக் கொண்டுபோக முடியாது.

அனுபவமும் பட்டாவும்

இதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. தலைமுறை தலைமுறையாக உழுதும், பேரில் காகிதம் இல்லை என்றால் என்ன ஆகும் என்பது அங்குள்ள குடும்பங்களுக்கு நன்றாகத் தெரியும். நிலம் வாழ்வாதாரம், கேம் பொழுதுபோக்கு. ரெண்டையும் ஒரே தராசில் வைக்கலை. ஆனால் அனுபவம் வேற, பட்டா வேற என்ற பாடம் இங்கேயும் பொருந்தும். ஸ்டீம் லைப்ரரியில் நம்மிடம் இருப்பது அனுபவம் மட்டும்தான். சட்டப்படி அது ஒரு லைசென்ஸ்.

2018 ஏப்ரலில் ஜிடிஏ 4-இன் சில பாட்டுகளுக்கான உரிமம் முடிந்தது. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்களின் கேமிலிருந்தும் அப்டேட் மூலம் அந்தப் பாட்டுகள் போய்விட்டன. யூபிசாஃப்டின் ‘தி க்ரூ’ 2014-இல் வந்தது. 2024 மார்ச் 31-ஆம் தேதி அதன் சர்வரை நிறுத்தினார்கள். தனியாக ஆடுவதற்கும் சர்வர் தேவை என்பதால் டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் ஆட முடியவில்லை. அதனால ‘டிஸ்க்கே போதும்’னு சொல்லிடவும் முடியாது. பூட்டு சர்வரில் இருக்கு.

2024-இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது: ‘வாங்கு’ என்று பட்டன் வைத்தால், கிடைப்பது லைசென்ஸ்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த அக்டோபரிலேயே ஸ்டீம் காசு கட்டும் பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்தது. வாங்கும்போது ஒருமுறை படிச்சுப் பாருங்க.

அப்போ என்ன செய்யலாம்?

காப்பி சிடி காலத்துக்குத் திரும்பணும்னு நான் சொல்லமாட்டேன். எங்க ஊர்ப் பையன் இன்னைக்குச் சென்னைக்குப் போகாமலே நேர்மையா ஒரு கேம் வாங்குறான், அது பெரிய விஷயம். ஆனால் ரொம்பப் பிடித்த கேம் ஜிஓஜியில் கிடைத்தால் அங்கே வாங்குங்க. 2008-இல் தொடங்கிய அந்தத் தளம் பூட்டு இல்லாத இன்ஸ்டாலரையே கொடுக்கிறது. இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு வையுங்க, கடை மூடினாலும் கேம் ஓடும். எப்பவும் ஆன்லைனில் இருந்தாத்தான் ஓடும்னு போட்டிருக்கிற கேமுக்கு, வாடகைக்கு எடுக்கிறோம் என்று நினைத்து விலையை முடிவு பண்ணுங்க.

உங்க முதல் ஒரிஜினல் கேம் எது, அது இப்பவும் ஓடுதான்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.