டெட்லைன்: தாண்டினால் தோட்டா!

'நாளைக்குத்தான் டெட்லைன்!' என்று ஆபீஸில் மேனேஜர் சொன்னால் நமக்கு வயிற்றைக் கலக்கும். தவறவிட்டால் என்ன, நாலு திட்டு விழும். இந்த வார்த்தை புழக்கத்துக்கு வந்த இடத்தில் உயிரே போனது!

1864 பிப்ரவரி. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். தங்களிடம் சிக்கிய வட மாநிலச் சிப்பாய்களை அடைக்க, தென் மாநிலப் படையினர் ஜார்ஜியாவில் ஆண்டர்சன்வில் என்ற ஊரில் ஒரு முகாம் திறந்தார்கள். முகாம் என்றதும் கட்டடம், கூரை என்றெல்லாம் கற்பனை வேண்டாம். வெட்டவெளி. சுற்றிலும் மரங்களை நட்டு எழுப்பிய உயரமான மதில். அவ்வளவுதான்! 10,000 பேருக்கான இடத்தில், அந்த ஆகஸ்டில் 30,000 பேருக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார்கள். குடிக்க, குளிக்க, 'மற்றதுக்கு' எல்லாமே நடுவில் ஓடிய ஒரே ஓடைதான்.

மதிலுக்கு உள்ளே சுமார் 19 அடி தள்ளி, தாழ்வாக ஒரு மரவேலி. யாரும் சுலபமாகத் தாண்டிவிடலாம். ஆனால், தாண்டினால் மதில் மேல் நிற்கும் காவலாளி எச்சரிக்காமலேயே சுடலாம் என்று உத்தரவு! அந்த வேலியின் பெயர்தான் 'டெட் லைன்'. ஓடை உள்ளே நுழையும் இடத்தில்தான் தண்ணீர் கொஞ்சம் தெளிவாக இருக்கும். அங்கே வேலிக்கு அடியில் கையை நீட்டியவர்களும் சுடப்பட்டார்கள் என்று பிழைத்து வந்த கைதிகள் எழுதியிருக்கிறார்கள்.

மொத்தம் 45,000 கைதிகளில் ஏறக்குறைய 13,000 பேர் இறந்துபோனார்கள். தோட்டாவைவிட சீதபேதியும் ஸ்கர்வியும் பட்டினியும் கொன்றதுதான் அதிகம். மரணப் பதிவேடு எழுதிய டோரன்ஸ் அட்வாட்டர் என்ற இளம் கைதி, இறந்தவர்கள் பெயர்களை ரகசியமாக இன்னொரு நகல் எடுத்து, வெளியே கொண்டுவந்துவிட்டார். என்ன துணிச்சல் பாருங்கள்! 1865 கோடையில், போர்க்களத்தில் காயம்பட்டவர்களைக் கவனித்துப் பேர் வாங்கிய கிளாரா பார்ட்டன், அவரோடு அங்கே போய்க் கல்லறைகளுக்குப் பெயர்ப் பலகை நட ஏற்பாடு செய்தார். 460 கல்லறைகளுக்கு மட்டும் பெயர் கிடைக்கவில்லை.

முகாம் தலைவர் ஹென்றி விர்ஸ் 1865 நவம்பர் 10-ல் வாஷிங்டனில் தூக்கிலிடப்பட்டார். அவர் மீதான குற்றப்பத்திரிகையிலேயே இந்த 'டெட் லைன்' வருகிறது.

அப்புறம், 1920 வாக்கில் அமெரிக்கப் பத்திரிகை ஆபீஸ்களில் இது 'கடைசி நேரக் கெடு' ஆகிவிட்டது. அச்சு இயந்திரத்தில் எழுத்து தாண்டக் கூடாத கோட்டுக்கும் இதே பெயர் உண்டு. அதிலிருந்து வந்தது என்பார்கள் சிலர். எனக்கென்னவோ, கட்டுரை வராத கோபத்தில் யாரோ ஒரு எடிட்டர் சிறைக் கதையை மனதில் வைத்துக்கொண்டு சொன்னதாகத்தான் தோன்றுகிறது!