ஆகாசவாணி (மைசூர்)

மைசூர் மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி தம் வீட்டிலேயே 1935 செப்டம்பர் 10 அன்று தொடங்கிய வானொலி நிலையம். இன்றைய பெங்களூரு நிலையத்துக்கு இதுவே முன்னோடி.

இந்தியாவின் முதல் தனியார் நிலையம் என்று இதைச் சிலர் எழுதுவதை அப்படியே ஏற்க முடியாது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் உருவான மதராஸ் மாகாண ரேடியோ கிளப், 1924 ஜூலையிலேயே 40 வாட் கருவியோடு ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. நேயர்களின் சந்தாவை நம்பி நடந்த அந்தச் சங்கம் பணமுடையால் 1927இல் ஓய்ந்தது. அதன் கருவி சென்னை மாநகராட்சியின் கைக்குப் போயிற்று.

மைசூரில் சந்தா முறை இருந்ததாகத் தெரியவில்லை. பேராசிரியரின் கைப்பணமும் ஆர்வலர்களின் உதவியுமே மூலதனம். விட்டல் விஹார் என்ற அந்த வீடு, மைசூரில் இன்றுள்ள வானொலி நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். முதல் கருவியின் திறன் 30 வாட் என்பது பெரும்பான்மைக் கருத்து. 50 வாட் என்பாரும் உண்டு. ஒரு குண்டு பல்புக்குப் போதுமான மின்சாரம் என்று சொல்லலாம். அதை வைத்துக்கொண்டு இசையும் உரையும் ஊருக்குப் போயின. பின்னர் 250 வாட் கருவி வந்தது. தொடக்க நாளில் கவிஞர் குவெம்பு கவிதை வாசித்தார் என்று சொல்லப்படுகிறது. லண்டனில் உளவியலாளர் ஸ்பியர்மனிடம் ஆய்வு செய்து திரும்பிய ஒருவர், பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரத்தில் வீட்டில் ஒலிபரப்பு நடத்தியது அன்றைய மைசூருக்கே உரிய காட்சி எனலாம்.

நிலையத்துக்குப் பெயர் சூட்டியவர் யார் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. கோபாலசாமியின் உடனுழைப்பாளர் நா. கஸ்தூரி என்பது ஒரு சாரார் கூற்று. கன்னடத்தில் ‘அனர்த்தகோசம்’ என்ற நகைச்சுவை அகராதியை எழுதியவர் அவர். சொல்லாக்கத்தில் கைதேர்ந்தவர் என்பதால் இக்கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. கோபாலசாமியே சூட்டினார் என்பது மறுசாரார் கூற்று. கல்கத்தா நிலையத்துக்காகத் தாகூர் எழுதிய கவிதையிலிருந்து வந்தது என்ற வங்காளத்து வழக்கு, காலக்கணக்கில் மைசூருக்குப் பிந்தியது.

மைசூர் அரசு இந்நிலையத்தை ஏற்றுக்கொண்டது 1941இல் என்றும் 1942 தொடக்கத்தில் என்றும் இருவேறு குறிப்புகள் உள்ளன. 1955 நவம்பரில் நிலையம் பெங்களூருக்கு மாறியது. மைசூருக்கு மீண்டும் தனி நிலையம் 1974இல் கிடைத்தது. பெயரை மட்டும் 1950களின் பிற்பகுதியில் நடுவண் அரசு நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்ததால் இங்கே ‘வானொலி’யே நிலைத்தது.

அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தபின், தனிமனிதர்களும் சிறு அமைப்புகளும் ஒலிபரப்பும் பேச்சு மறுபடி எழுந்தது. 1996இல் சமுதாய வானொலி கோரிப் பெங்களூரில் ஒரு பிரகடனம் வெளியானது. கோலார் மாவட்டத்துப் பூதிக்கோட்டையில், ‘நம்ம த்வனி’ என்ற சமுதாய வானொலி உரிமம் கிடைக்காத நிலையில் வானலையை விட்டுவிட்டு, கேபிள் டிவி கம்பி வழியே வீடுகளுக்கு ஒலியைக் கொண்டுசேர்த்தது. சுய உதவிக் குழுப் பெண்கள் அதில் பங்கேற்றனர். வாய்ஸஸ், மைராடா அமைப்புகளும் யுனெஸ்கோவும் துணைநின்றன.

2006 நவம்பரில் வந்த சமுதாய வானொலி விதிகள் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் அளித்தன. 100 வாட் திறன், மணிக்கு 5 நிமிட விளம்பரம் ஆகியவை அப்போது வரம்பாக இருந்தன. சொந்தச் செய்தி ஒலிபரப்புக்கு அனுமதி இல்லை. 2007இல் பெங்களூரில் ஜெயின் கல்விக் குழுமத்தின் ‘ரேடியோ ஆக்டிவ்’ 90.4 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியது. குப்பை பொறுக்குவோரும் திருநங்கையரும் அதில் நிகழ்ச்சி நடத்தியுள்ளனர்.

பெயர் பற்றிய பேச்சும் ஓயவில்லை. 2023 மே மாதம் பொது ஒலிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதி ‘ஆகாசவாணி’ என்ற பெயரையே பயன்படுத்த உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் மீண்டும் எதிர்ப்பு எழுந்தது.