பகிராத இலாபம் சொல்லும் சேதி



சி ரூசா வட்டாரத் தோட்டங்களில் வாழும் நமக்குக் கம்பெனிக் கணக்கு என்றாலே அது ஆபீஸ் கிராணிமாரின் சங்கதி. ஆனால் அந்தக் கணக்கில் உள்ள ஒரு வரிக்கும் நம் பாட்டன்மார் வாங்கிய கூலிக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதைப் பற்றி இன்று பேசுவோம்.

வரி கட்டியபின் மிஞ்சும் இலாபத்தில் ஒரு பகுதியைக் கம்பெனி தன் பங்குதாரர்களுக்குக் கொடுக்கிறது. கொடுக்காமல் தொழிலிலேயே விட்டுவைப்பது ஆண்டுக்காண்டு சேர்ந்து வருகிறது. இதுவே பகிராத இலாபம். உழவன் விதைநெல்லை ஒதுக்கிவைப்பது போன்றது இது. ஆனால் முழுவதும் ரொக்கமாக இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. கட்டடமாகவும் இயந்திரமாகவும், சில வேளை கிடங்கில் விற்காமல் கிடக்கும் சரக்காகவும் இருக்கலாம்.

இயந்திரம், இரும்புச் சாமான், தகரம், லாரி ஆகியவை நீடித்து உழைக்கும் பொருள்கள். இவற்றை மொத்தமாக விற்பவர்களின் கணக்கை மட்டும் தனியே பார்ப்பது ஏன்? காலம் கெட்டாலும் அரிசி வாங்குவதை நாம் நிறுத்த முடியாது. கூரைத் தகரத்தை மாற்றுவதையோ அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடலாம். எல்லாரும் அப்படித் தள்ளிப்போட்டால் முதலில் அடிபடுவது இந்த மொத்த வியாபாரியின் இலாபந்தான். ஆகவேதான் அமெரிக்க அரசாங்கம் இவர்களுடைய பகிராத இலாபத்தைக் காலாண்டுக்கு ஒருமுறை தொகுத்து வெளியிடுகிறது.

நம் நாட்டில் அந்த மொத்த வியாபாரிகள் யார்? ஏஜென்சி ஹவுஸ் எனப்பட்ட பெரிய வணிக நிறுவனங்களே. கத்ரி 1821இல் சிங்கப்பூரில் தொடங்கியது. சைம் டார்பி 1910இல் மலாக்காவில் பிறந்தது. 1929 முதல் கேட்டர்பில்லர் டிராக்டர்களை விற்று வருகிறது. இலண்டன் கம்பெனிகளுக்காக இங்கே தோட்டங்களை நிர்வகித்தவை இத்தகைய நிறுவனங்கள். தோட்டத்துக்கு வேண்டிய சாமான்களை இறக்குமதி செய்து விற்றவையும் இவையே. எனவே ரப்பர் விலை விழுந்தால் இவற்றுக்கு இரட்டை அடி.

1910இல் இலண்டனில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங் 9 பென்ஸ் வரை ஏறியது. அப்போது சில தோட்டக் கம்பெனிகள் 100 விழுக்காட்டுக்கும் மேல் பங்கு இலாபம் கொடுத்தன. அதாவது, போட்ட முதலுக்கு மேலான தொகை ஒரே ஆண்டில் பங்குதாரர் கைக்குப் போயிற்று. 1932இல் விலை 2 பென்ஸ் அளவுக்கு விழுந்தது. நல்ல காலத்தில் நிறைய மிச்சம் பிடித்த கம்பெனிக்குத் தாக்குப்பிடிக்க வழியிருந்தது. பகிர்ந்து தீர்த்த கம்பெனிக்கோ குறைப்பதற்கு உடனே அகப்பட்டது கூலிதான். 1930இல் ஆண்களின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாக இறங்கியது. பெண்களுக்கு 40 காசு 32 ஆயிற்று. பின்னர் இன்னும் இறங்கியது. வேலையிழந்த ஆயிரக்கணக்கானோர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். இலாபத்தைப் பகிர்ந்தபோது அவர்களை யாரும் கேட்கவில்லை; நட்டத்தைப் பகிர்ந்தபோது முதல் பங்கு அவர்களுக்கே வந்தது.

இந்தப் பாடத்தை நம் மக்களும் கற்றார்கள். 1950களில் வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. வேலையும் லயத்து வீடும் ஒருசேரப் போயின. அந்த நிலையில் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பங்குப் பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் அவற்றுள் முதலாவது. நிகர இலாபத்தில் ஒரு பகுதியைக் காப்பு நிதியில் சேர்க்கவேண்டும் என்பது கூட்டுறவுச் சட்டம். அதுவும் ஒருவகைப் பகிராத இலாபமே. ஆனால் அதற்குச் சொந்தக்காரர்கள் உறுப்பினர்கள்.

பகிராத இலாபம் பெருகுவதை மட்டும் கண்டு காலம் நன்றாயிருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. சரக்கு தேங்குகிறதா, கடன் கூடுகிறதா என்றும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நம்மில் கூட்டுறவு உறுப்பினராக இருப்போர் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை கைக்கு வந்ததும், பங்கு இலாபம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், மிச்சம் வைத்தது எவ்வளவு, அது எங்கே இருக்கிறது என்றும் கேட்போம். எழுத்தறிந்த பிள்ளைகளை அருகில் உட்காரவைத்து அந்த வரியைப் படித்துக்காட்டச் சொல்வோம்.