பெயரில்லாத டி.வி. கேம்: ஒரு குட்டி வரலாறு

1/ போன வாரம் திருவண்ணாமலை வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணும்போது ஒரு பழைய டி.வி. கேம் கிடைச்சது. 1996 தீபத்துக்கு அப்பா வாங்கித் தந்தது. டப்பாவுக்குள்ளேயே பில். அதில் "டி.வி. கேம் - 1" என்பதோடு சரி. கம்பெனி பேர் இல்லை.

2/ அப்பா இப்போ இல்லை. அவர் வாங்கித் தந்தது என்னன்னு தெரிஞ்சுக்க ஆசை. அதைத் தேடினதுதான் இந்த இழை.

3/ 1983 ஜூலை 15. ஜப்பானில் நிண்டெண்டோ 'ஃபேமிகாம்' கருவியை 14,800 யென்னுக்கு வெளியிட்டது. 1985-ல் அதுவே 'நெஸ்' என்ற பெயரில் அமெரிக்கா போனது. அமெரிக்க மாடலில் போலி கேசட்டைத் தடுக்க ஒரு பூட்டு சிப் உண்டு. ஜப்பான் மாடலில் கிடையாது. நகல் எடுக்கிறவங்களுக்கு இது போதாதா?

4/ தைவானின் யு.எம்.சி. நிறுவனம் அதே சிப்புகளின் நகலைச் செய்தது. ரஷ்யாவில் 'டெண்டி', போலந்தில் 'பெகாசஸ்', நம்மூரில் 'லிட்டில் மாஸ்டர்', 'மீடியா'. பேர்தான் வேற, உள்ளே ஒரே குடும்பம்.

5/ 2001 ஏப்ரல் வரை பல நுகர்பொருட்களை இறக்குமதி செய்ய இங்கே கட்டுப்பாடு இருந்தது. அதனால் நம்மில் பலர் ஒரிஜினலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

6/ சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? நோயாளியின் சட்டையைப் பார்த்து நோயைச் சொல்ல முடியாது இல்லையா? இதுவும் அப்படித்தான். பிளே ஸ்டேஷன் மாதிரி இருக்கும், பேரு 'பாலி ஸ்டேஷன்', உள்ளே ஃபேமிகாம் நகல்!

7/ முதலில் கேசட் சொருகும் இடம். 60 பின் என்றால் ஃபேமிகாம் வழி, 72 என்றால் நெஸ் வழி. அடுத்து ஜாய்ஸ்டிக். ஃபேமிகாமில் கருவியோடவே சேர்ந்திருக்கும். நகல்களில் பெரும்பாலும் 9 பின் பிளக்.

8/ கடைசியா திறந்து பாருங்க. 'ரிக்கோ 2ஏ03' சிப் இருந்தால் ஒரிஜினல். '6527' எண்ணோடு யு.எம்.சி. சிப் என்றால் பழைய தலைமுறை நகல். கறுப்புத் தார் சொட்டு மாதிரி ஒரு பொட்டு மட்டும் இருந்தால், எல்லாமே ஒரே சிப்பில் அடங்கிய பிந்தைய நகல்.

9/ ஜப்பான் டி.வி. நொடிக்கு 60 முறை படம் காட்டும், நம்ம டி.வி. 50 முறை. அதுக்காகவே சில நகல்களில் '6538' என்ற பட சிப்பைப் போட்டாங்க. அதனால் நாம ஆடின மரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவா ஓடினான், பாட்டும் மெதுவாத்தான் கேட்டது. நமக்கு அதுதான் ஒரிஜினல்!

10/ ஒரு எச்சரிக்கை. "வெளிவராத மாதிரிக் கருவி, அபூர்வம்" என்று சாதாரண நகலை விற்பாங்க. உண்மையான மாதிரிக் கருவி இருக்கத்தான் செய்கிறது. சோனியும் நிண்டெண்டோவும் சேர்ந்து செய்து கைவிட்ட கருவி ஒன்று 2020-ல் 3,60,000 டாலருக்கு ஏலம் போனது. அதுக்காகப் பரணில் இருப்பதெல்லாம் புதையல் ஆகாது. பணம் கொடுக்கும் முன் போர்டு போட்டோ கேளுங்க.

11/ அப்பாவின் கருவியைத் திறந்தேன். 6527, 6538. பில் சொல்லாததை சிப் சொல்லிடுச்சு: தைவான் சிப், நம்ம டி.வி.க்கு ஏத்த நகல்.

12/ உங்க வீட்டிலும் ஒன்னு இருக்கலாம். பழைய அடாப்டரை அப்படியே சொருகாதீங்க. வோல்டேஜும் பிளஸ் மைனஸும் சரியான்னு பாருங்க. பழைய இரும்புக்காரரிடம் போடும் முன் டப்பா, பில், போர்டு மூணையும் போட்டோ எடுத்து வைங்க. இந்தக் கருவிகளுக்கு வேற எந்தப் பிறப்புச் சான்றிதழும் கிடையாது.