எம்.ஏ.எம். ராமசாமி

எம்.ஏ.எம். ராமசாமி (1931–2015): செட்டிநாடு குழுமத்தின் தொழிலதிபர், மாநிலங்களவை உறுப்பினர், இந்தியாவின் புகழ்பெற்ற பந்தயக் குதிரை உரிமையாளர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் பேரன். சென்னை மேயராகவும் அமைச்சராகவும் இருந்த ராஜா சர் முத்தையா செட்டியாரின் மகன். சேப்பாக்கம் மைதானத்துக்குப் பெயர் தந்த எம்.ஏ. சிதம்பரம் இவருக்குச் சித்தப்பா, முன்னாள் மத்திய நிதியமைச்சர் ப. சிதம்பரம் அத்தை மகன்.

கரூருக்கு அருகே புலியூரில் ஆலை கொண்ட செட்டிநாடு சிமெண்ட் குடும்பத் தொழில்களில் முதன்மையானது. பட்டம், அரண்மனை, ஆலை, பல்கலைக்கழக இணைவேந்தர் பதவி என எல்லாமே வழிவழியாக வந்தவை. அவரே தேடி எட்டிய சிகரம் என்றால் அது குதிரைப் பந்தயம்தான்.

கிண்டி, ஊட்டி, பெங்களூரு, மும்பை மகாலட்சுமி என்று நாட்டின் பெரிய ஓடுதளங்கள் எங்கும் அவருடைய குதிரைகள் ஓடின. இந்தியாவில் அவர் அளவுக்கு கிளாசிக் பந்தயங்களை வென்ற உரிமையாளர் வேறு எவரும் இல்லை என்பார்கள். ஓன் ஒபினியன் என்ற குதிரையின் பெயரைச் சொன்னால் பழைய ரேஸ் ரசிகர்களின் முகம் மலரும். கிண்டியில் பந்தயம் நடத்திய மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் தலைவராகவும் அவர் நெடுங்காலம் இருந்தார். அந்த கிளப்புக்குச் சோதனைகள் குறைவில்லை. பந்தயத்தைச் சூதாட்டமாகக் கருதி 1974இல் தமிழக அரசு தடைச் சட்டம் கொண்டுவந்தது. 1986இல் கிளப்பையே கையகப்படுத்தச் சட்டம் இயற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்று 1996இல் தீர்ப்பு வந்தபின்தான் கிண்டி மூச்சுவிட்டது.

1970களில் இந்திய ஹாக்கி சம்மேளனத்துக்கும் அவரே தலைவர். 1975இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2–1 என வென்று இந்திய ஆடவர் அணி உலகக் கோப்பையைப் பெற்றது அவர் காலத்தில்தான். ரேஸ்காரர் என்ற பிம்பத்தில் இது ஏனோ மறைந்துபோனது.

அரசியலில் இந்த வேகம் இல்லை. மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் சார்பில், தமிழ்நாட்டிலிருந்து அல்ல, கர்நாடகத்திலிருந்து 2004 முதல் 2010 வரை மாநிலங்களவையில் இருந்தார்.

வழிவழியாக வந்தவை கடைசிக் காலத்தில் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. நிதி நெருக்கடியில் சிக்கிய பல்கலைக்கழகத்தை 2013இல் தனிச் சட்டத்தின் மூலம் தமிழக அரசு எடுத்துக்கொண்டது. இணைவேந்தர் பதவியில் குடும்பத்துக்கு இருந்த உரிமை அத்துடன் முடிந்தது. குழந்தை இல்லாத ராமசாமி–சிகப்பி ஆச்சி தம்பதியர் பிள்ளை கூட்டிக்கொண்டிருந்தார்கள், அதாவது ஒரு மகனைத் தத்தெடுத்திருந்தார்கள். அந்த மகனோடு மூண்ட பிணக்கில் சிமெண்ட் நிறுவனத்தின் தலைமையும் போனது. இனி அவர் தன் மகன் அல்ல என்று ராமசாமியே 2015இல் அறிவித்தார். சென்னை வெள்ளத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி, 84ஆம் வயதில் காலமானார். சொத்துகளை அறக்கட்டளைகளுக்கு உயில் எழுதியிருந்தார்.