பெங்களூரு ஏரிகளும் கடலூர்க் கழிமுகமும்

பெங்களூரு கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே, வற்றாத ஆறு எதுவும் இல்லாத ஒரு மேட்டில் இருக்கிறது. மேட்டின் மேற்கே விழும் மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரியைச் சேர்கிறது. கிழக்கே விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் கலந்து, ஓசூர், கிருஷ்ணகிரி வழியே கடலூரில் கடலுக்குப் போகிறது. ஆகவே, கடலே இல்லாத இந்த ஊர்ப் பிள்ளைகளும் கழிமுகத்தைப் பற்றிப் படிக்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்ற அறிவு இங்கே ஒரு காலத்தில் ஏரி வேலையோடு சேர்ந்தே வந்தது. குழாய் வந்த பிறகுதான் அது அறுந்தது என்பது என் கருத்து.

இந்த மேட்டின் ஏரிகள் சரமாகக் கோக்கப்பட்டவை. மேல் ஏரி நிரம்பினால், கன்னடத்தில் கோடி என்றும் தமிழில் கலிங்கு என்றும் சொல்லும் வழியே நீர் இறங்கி, காலுவே என்ற கால்வாயில் ஓடி, அடுத்த ஏரியை நிரப்பும். மேலே கரை உடைந்தால் கீழே இருக்கும் கரைக்கும் ஆபத்து. மதகைத் திறந்து மூடியவர் நீர்கண்டி. தமிழ்நாட்டில் அவர் நீர்க்கட்டி. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் விடுவது, மழை பொய்த்த ஆண்டில் எப்படிக் குறைத்துப் பகிர்வது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கோடையில் அள்ளிய வண்டல் வயலுக்கு உரமானது. அதனால் தூர் வாரச் சொல்லி யாரும் உபதேசிக்க வேண்டியிருக்கவில்லை.

1876-78 பஞ்சம் இந்த ஏற்பாட்டின் எல்லையைக் காட்டிவிட்டது. 1896-இல் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம். 1974-இல் ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து காவிரி. குடிநீருக்கு ஏரி தேவையில்லை என்றானதும் அது வெறும் நிலமாகத் தெரிந்தது. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமானது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. அங்கே ஒரு சிறு குளம் மட்டும் மிச்சம்; அதுவும் கரகத் திருவிழாவுக்காக விடப்பட்டது. அந்தத் திருவிழாவை நடத்தும் திகளர்கள் தமிழ் வேர் கொண்ட தோட்டக்காரச் சமூகத்தினர். ஏரியே போன பின்னும் தண்ணீருக்கான சடங்கை அவர்கள் கைவிடவில்லை.

ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நகரத்துக்கு ஏரிகள் குடிநீர் தருமா என்று கேட்பது நியாயம். தராது. ஆனால் வெள்ளத்தைத் தாங்குவதும் நிலத்தடி நீரை ஊட்டுவதும் ஏரியின் வேலைதான். கால்வாய்கள் அடைபட்டால் என்ன ஆகும் என்பதை 2022 வெள்ளம் காட்டியது. இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. நீர்கண்டிகள் பெரும்பாலும் தலித்துகள். அறிவு அவர்களுடையது, அதிகாரம் வேறு யாருடையதோ. உண்மை. அந்த அமைப்பு திரும்ப வேண்டாம். பிறப்போடு கட்டப்பட்டிருந்த அந்த அறிவு எல்லாருக்கும் பொதுவாக வேண்டும், அதனால்தான் பள்ளியில் வேண்டும்.

அந்தப் பாடத்தைத் தொடங்க ஏரிகள் இல்லாமல் இல்லை. கைகொண்டரஹள்ளி ஏரியை ஊர்மக்களே முன்னின்று மீட்டார்கள். ஜக்கூரில் சுத்திகரித்த கழிவுநீர், நாணல் வளர்ந்த சதுப்பு வழியே மேலும் தெளிந்து ஏரிக்குள் போவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். ஆனால் ஏரியின் வேலியோடு பாடம் நின்றுவிடக் கூடாது. 2015-இல் பெல்லந்தூர் ஏரியின் நுரை தீப்பிடித்தது நாடெங்கும் செய்தியானது. அதே நீர்வழியில் கீழே, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையிலும் நுரை பொங்குகிறது. அதற்கும் கீழே கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகள், கடைசியில் கடலூர் மீனவர்களின் கழிமுகம். பெங்களூரு ஆசிரியர்களே, ஏரிக்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் அடுத்த முறை, கோடி வழியே வெளியேறும் தண்ணீர் போகும் ஊர்களின் பெயரைக் கடலூர் வரை சொல்லிக்கொடுங்கள்.