பரணில் கிடந்த இந்து ஃபிலிம்

போன மார்கழியில் பரணைச் சுத்தம் பண்ணும்போது சித்தப்பாவோட பழைய தகரப் பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே ஒரு ஆக்ஃபா கிளிக் III கேமரா, இரண்டு ஃபிலிம் சுருள். ஒன்று உறையே பிரிக்காதது. இன்னொன்று படம் எடுத்து முடித்து, காகிதப் பட்டை ஒட்டிச் சுருட்டி வைத்தது. உறை மேல் 'இந்து' என்ற பெயர், 1986 என்று காலாவதி வருஷம்.

சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டேன்.

"அடேய், அதுல ஆயா இருக்கும்டா. நடவு அன்னிக்கு எடுத்தது. கழுவக் குடுக்கக் கையில காசு இல்ல, அப்புறம் மறந்தே போச்சு" என்றார்.

எங்கள் வீட்டில் ஆயாவுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. படையல் அன்றைக்கு வெறும் விளக்குதான். அதனால் இந்தச் சுருளைக் குப்பையில் போட மனசு வரவில்லை. கடலூரில் தெரிந்த ஸ்டுடியோவில் கேட்டேன். "ஃபிலிம் கழுவறத விட்டு ரொம்ப வருஷம் ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டார்கள். செம்மண்டலம் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் விதைக் கரணை பற்றிக் கேட்கிற ஆள் நான். ஃபிலிம் பற்றி ஒன்றும் தெரியாது. வேறு வழியில்லாமல் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் இந்த 'இந்து' யார் என்று பார்த்தேன். நம்ம ஊட்டிக்காரர்தான். இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1960ல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம். பிரான்சின் போஷே கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1967ல் உற்பத்தி ஆரம்பம். ஃபிலிம் செய்யத் தூசி இல்லாத காற்றும் குளிரும் வேண்டும். நீலகிரியில் இரண்டும் இருந்தன. கறுப்பு வெள்ளைச் சுருள், சினிமா ஃபிலிம், ஃபோட்டோ காகிதம், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தன. 1990களில் வெளிநாட்டுச் சரக்கின் போட்டியும் கடனும் சேர்ந்து நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. பிறகு டிஜிட்டல் வந்து மிச்சத்தையும் முடித்தது. ஆலை நின்றுவிட்டது, ஊட்டியில் இந்து நகர் என்ற பெயர் மட்டும் இருக்கிறது.

அந்தக் குளிரில் பிறந்த ஃபிலிம், எங்கள் வீட்டு ஓட்டுக்கூரைக்கு அடியில் எத்தனை சித்திரை வெயிலைத் தாங்கியிருக்கும்! 2011ல் தானே புயல், 2015ல் வெள்ளம். பரண்மேல் இருந்ததால் தண்ணீரில் தப்பியது. ஆனால் அதே பரணின் சூடு அதைத் தின்றுகொண்டிருந்தது.

ஃபிலிமில் ஜெலட்டினுக்குள் வெள்ளி உப்புத் துகள்கள் இருக்கும். வெளிச்சம் பட்ட துகளை டெவலப்பர் கறுப்பு வெள்ளியாக்கும், படாததை விட்டுவிடும். வருஷக்கணக்கான சூடும் ஈரமும் இயற்கைக் கதிர்வீச்சும், வெளிச்சமே படாத துகளையும் பட்டது மாதிரி ஆக்கிவிடும். டெவலப்பருக்கு வித்தியாசம் தெரியாது, எல்லாவற்றையும் கறுப்பாக்கும். இதைத்தான் ஃபாக் என்கிறார்கள். நாம் மூட்டம் என்று வைத்துக்கொள்வோம். மார்கழி மூட்டம் வெயில் ஏறினால் விலகிவிடும். இது விலகாது, வராமல் அடக்கத்தான் முடியும்.

நெல் நாற்றோடு முளைக்கிற குதிரைவாலிப் புல் மாதிரிதான். சின்னதில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். மருந்து கூடினால் பயிரும் போகும், குறைந்தால் களை மூடும். ஃபிலிமுக்கு மருந்து பொட்டாசியம் புரோமைடு. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே டெவலப்பரில் சேர்க்கிறார்கள். அதைவிடக் கறாரானது பின்னால் வந்த பென்சோட்ரையசோல். இரண்டும் மூட்டத்தை அமுக்கும், ஆனால் மங்கலான படத்தையும் கொஞ்சம் அமுக்கும்.

இதைவிடப் பழைய ஃபிலிமைக் கழுவியவர்கள் இருக்கிறார்கள். 1897ல் ஸ்வீடன்காரர் ஆந்த்ரே இரண்டு பேரோடு பலூனில் வடதுருவம் போகப் பார்த்து, மூவரும் இறந்துபோனார்கள். 33 வருஷம் கழித்து 1930ல் ஒரு பனித்தீவில் உடல்களோடு ஃபிலிமும் கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் யான் ஹெர்ட்ஸ்பெர்க் என்பவர் கழுவி, 240 படங்களில் 93ஐ மீட்டார். அவருக்கு ஈரம் எதிரி என்றாலும் பனிக்கட்டி துணை இருந்தது. நமக்குக் கடலூர் வெக்கை.

ஆனால் எனக்கு ஒரு அதிர்ஷ்டம், அந்தப் பிரிக்காத சுருள். அதே பெட்டியில் அதே சூட்டைத் தின்ற கூடப்பிறந்தது. அதை கிளிக் கேமராவில் போட்டு, பன்னிரண்டு படமும் எங்கள் மாட்டுக் கொட்டகையையே எடுத்தேன். ராத்திரி ஜன்னலில் கம்பளி கட்டி, இருட்டில் மூன்று துண்டாக வெட்டினேன். டெவலப்பர் டி-76. முதல் துண்டு எதுவும் சேர்க்காமல் 20 டிகிரியில். படங்களுக்கு நடுவில் வெறுமையாக இருக்க வேண்டிய இடம்கூட காபி டிகாஷன் மாதிரி கறுத்துவிட்டது. இரண்டாவதில் புரோமைடு சேர்த்தேன், கொஞ்சம் தேவலை. மூன்றாவதில் லிட்டருக்கு ஒரு சதவீத பென்சோட்ரையசோல் கரைசல் 10 மில்லி. பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் கட்டி வைத்து 16 டிகிரிக்குக் குளிரவைத்தேன். கொட்டகைத் தூண் தெளிவாகத் தெரிந்தது. இன்னும் குளிரவைத்தால் டெவலப்பரில் உள்ள ஹைட்ரோகுயினோன் தூங்கிவிடும் என்பதால் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் ராத்திரி ஆயா சுருள். மூன்றாவது துண்டுக்குச் செய்ததையே செய்தேன். ஹைப்போவிலிருந்து எடுத்து விளக்கில் பிடித்தபோது கை நடுங்கியது. பன்னிரண்டில் ஐந்தில் ஒன்றுமே இல்லை. ஆறில் நிழல் நிழலாக ஆட்கள். ஒன்றில் மட்டும், வரப்பு ஓரம் அரிவாளோடு ஒரு பெண்.

மிச்ச மூட்டத்தை வெளுக்க ஒரு மருந்து உண்டு. 1883ல் வந்தது, பெயரே ஃபார்மர் ரெட்யூசர்! சந்தோஷப்படாதீங்க, ஹோவர்ட் ஃபார்மர் என்ற இங்கிலாந்துக்காரர் கண்டுபிடித்தது, விவசாயி இல்லை. அது மூட்டத்தை எவ்வளவு கரைக்குமோ அவ்வளவு படத்தையும் கரைக்கும். ஆயா ஏற்கனவே மெலிசாகத்தான் இருந்தார். நான் தொடவில்லை.

ஸ்கேன் பண்ணிய படத்தை அம்மாவிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "இது ஆயா இல்லப்பா. ஆயாவுக்கு நொட்டாங்கைப் பழக்கம். இந்தப் பொம்பள சோத்துக்கையில அரிவா வச்சிருக்கு" என்றார்.

அன்றைக்குத் தூக்கமே இல்லை. விடியக்காலையில் வயலில் நின்றபோதுதான் உறைத்தது. எங்கள் மோட்டார் கொட்டகை வரப்புக்குக் கிழக்கே இருக்கிறது, படத்தில் மேற்கே இருந்தது. ஃபிலிமை மாற்றிப் போட்டு ஸ்கேன் பண்ணியிருக்கிறேன்! ஓடிப்போய்த் திருப்பினேன். அரிவாள் இடது கைக்கு வந்தது.

அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முகம்தான் தெரியல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பரவால்ல, கை தெரியுதே" என்றார்.

நம்ம பக்கத்துப் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்தார் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். ஸ்டுடியோவுக்குள் போகாத ஆயாக்களைத் தேடுவது நம்ம வேலை. ஊருக்கு வரும்போது உங்கள் வீட்டுப் பரணையும் ஒரு தடவை பாருங்க. கழுவாத சுருள் இருந்தால் முதலில் இறக்கிவிடுங்க. காற்றுப் புகாத டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வைங்க. கழுவுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.